படிக்கட்டின் பின்னால் ஓர் அறை

அந்த அறைக்குக் கதவு இல்லை என்பதை முதலில் கவனித்தவர் ஒக்சானா.

மதிப்பீட்டுக்கு முந்தைய நாள் பிற்பகல் அது. கட்டடக்கலை மாணவி லோர்னா ரெம்பலின் மேசைமேல் தரைப்படங்கள் விரிந்து கிடந்தன. பேராசிரியர் ஒக்சானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, பின்புறப் படிக்கட்டை ஒட்டியிருந்த ஒரு சின்னக் கட்டத்தைப் பென்சிலின் பின்முனையால் தொட்டார்.

“இது என்ன?”

“ஸ்டோர் ரூம்.”

“கதவு எங்க?”

லோர்னா பார்த்தாள். நான்கு பக்கமும் சுவர். எங்கும் இடைவெளி இல்லை. அந்தக் கட்டத்தை எத்தனையோ முறை வரைந்திருந்தும், கண் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் போயிருந்தது.

“விட்டுப்போச்சு.”

ஒக்சானா அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்ததையும். “எல்லா மாடியிலயும் விட்டுப்போச்சா? இது முதியோர் இல்லம், லோர்னா. ஞாபகம் தப்பினவங்க நடமாடப்போற இடம். ஒருத்தர் உள்ள போய் மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வருவார்?”

“கதவே இல்லாம எப்படி உள்ள போவார்?”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஒக்சானா சிரிக்கவில்லை.

“அதைத்தான் நானும் கேக்கறேன். கதவு வை, இல்லன்னா அந்த ரூமையே எடுத்துடு. நாளைக்கு வெளியிலேர்ந்து வர்ற ரெண்டு பேர் கண்ணுலயும் இது பட்டா விடமாட்டாங்க.” நகரப்போனவர் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வசந்தத்துல நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. ரெண்டாவது தடவை போச்சுன்னா நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

வசந்தத்தில் அவள் தேறவில்லை. இன்னொரு முறை தவறினால் பள்ளியை விட்டு வெளியேற வேண்டியதுதான். சொந்த ஊரான ரோஸ்தர்னில் அம்மா ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். மாட்டுத் தீவனக் கடை அலுவலகத்தில் கணக்கு பார்க்க ஆள் வேண்டுமாம். அம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் லோர்னாவுக்குத் தாங்கவில்லை.

ஒக்சானா போன பிறகு அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். சாஸ்கடூனில் டிசம்பர் மாதத்து மாலை, மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வந்துவிடும். உழவுக்கருவிக் கிடங்காக இருந்து பள்ளியாக மாறிய அந்தச் செங்கல் கட்டடத்தின் உயரமான சன்னல்களில் நீலம் கருத்துக்கொண்டிருந்தது. வெப்பக் குழாய்கள் எங்கோ முனகின. பசையும் கருகிய அட்டையும், யாரோ சூடுபண்ணிய பெரோகிக் கொழுக்கட்டையின் வெங்காயமும் கலந்த மணம். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் வளைந்த ஒரு முதுகு. கத்திகள் அட்டையில் இறங்கும் ஓசை மட்டும்.

டிக்.

அது கத்தியின் ஓசை இல்லை.

டிக். டிக்.

கண்ணைத் திறந்தாள். மேசையின் மறுமுனையில் முதியோர் இல்லத்தின் மாடல் நின்றது, வெள்ளை அட்டையில், கூரை மூடியபடி. ஓசை அங்கிருந்துதான் வந்தது. கூரையைத் தூக்கினாள். நின்றுவிட்டது.

உள்ளே நடைகூடங்கள், அறைகள், அவற்றில் அவள் ஒட்டிவைத்த சாம்பல்நிற அட்டை மனிதர்கள். ஒவ்வொருவரும் சுண்டுவிரல் நுனி அளவு. எல்லோரையும் ஒரே அச்சில் வெட்டியிருந்தாள். முகம் கிடையாது, விரல்கள் கிடையாது. ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருக்கும்.

“உன் ஆளுங்க இன்னும் பஸ்ஸை நிறுத்திக்கிட்டேதான் இருக்காங்களா?” ஜோவித் பின்னால் வந்து நின்றான். முதலாண்டிலிருந்து அடுத்த மேசைக்காரன். “ஒரு பஸ்ஸாவது நின்னுச்சா?”

“நீ உன் வேலையப் பாரு.”

“என் வேலை முடிஞ்சுபோச்சு. அதான் உன் உயிரை வாங்க வந்தேன்.”

அந்த அச்சே ஜோவித்தின் உருவம்தான். முதலாண்டின் முதல் பயிற்சி, தாங்கள் படிக்கும் கட்டடத்தையே அளந்து வரைவது. அவளுக்கும் ஜோவித்துக்கும் பங்காக வந்தது பின்புறப் படிக்கட்டு. அங்கே விளக்குகள் ஆள் அசைந்தால்தான் எரியும். கருவி பழையது, நடந்தால் மட்டும் போதாது, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்ட வேண்டும். அளவுநாடாவின் ஒரு முனையை அவள் பிடித்திருக்க, மறுமுனையில் ஜோவித் கையைத் தூக்கியபடி நின்ற நிழலைப் பார்த்துத்தான் அவள் முதல் அட்டை மனிதனை வெட்டினாள்.

“நாம அந்தப் படிக்கட்ட அளந்தது ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“மறக்குமா? கணக்கு ஒத்தே வரல. வெளிய அளந்தா ஒண்ணு, உள்ள அளந்தா ஒண்ணு. சுவருக்குப் பின்னால ஒரு ஆள் படுக்கற அளவுக்கு எடம் மிச்சம் நின்னுது. நான் அளவைக் கொஞ்சம் தட்டிவிட்டு சரிபண்ணிடலாம்னேன். நீதான் பெரிய அரிச்சந்திரி மாதிரி, உள்ளதை உள்ளபடி வரையணும்னு காலி ரூமா வரைஞ்சே.”

ஆம். அதுதான் இது.

அவள் வாழ்க்கையில் பிழையில்லாமல் வரைந்த முதல் படிக்கட்டு அது. அகலம், உயரம், தீவிபத்து விதி, எல்லாம் பொருந்திய படிக்கட்டு. அதனால் அடுத்த ஆண்டு நூலகம் வடிவமைத்தபோது அதை அப்படியே எடுத்து ஒட்டினாள். நீதிமன்றத்துக்கும் அதுவே. பள்ளிக்கூடத்துக்கும் அதுவே. எல்லோரும் செய்வதுதான்: கைக்குப் பழகிய படிக்கட்டை, கழிப்பறையைக் கட்டடத்துக்குக் கட்டடம் தூக்கிக்கொண்டு போவார்கள். நேரம் மிச்சம். படிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு அந்த அறையும் கூடவே வந்திருக்கிறது, இத்தனை ஆண்டும், கேட்பாரில்லாமல்.

அவள் கைபேசி விளக்கைப் போட்டு மாடலுக்குள் அடித்தாள். மூன்று மாடிக்கும் சேர்த்து அந்த அறை ஒரே குழிபோல இறங்கியது. அடியில் யாரும் இல்லை. ஆனால் சுவர்களின் கீழ்ப்பகுதி அழுக்காக இருந்தது. உற்றுப் பார்த்தாள். பென்சில் கரி போல ஒரு சாம்பல் பூச்சு, அட்டை மனிதன் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தில், சுற்றிலும். அந்த இடத்தில் அட்டை தேய்ந்திருந்தது. பழைய வேட்டித் துணிபோல மெலிந்து, மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

மாடல் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

“ஜோவித், இதைத் தொட்டியா நீ?”

“என்னை ஏன் இழுக்கறே? எலியா இருக்கும். கிடங்கா இருந்த எடம்தானே.” அவன் கோட்டை மாட்டிக்கொண்டான். “அந்த ரூம்தான் பிரச்சினைன்னா நெரப்பிடு. தரைப்படத்துல முழுக்கக் கறுப்பாக்கு, கெட்டிச் சுவர்னு சொல்லிக்கலாம். மாடல்ல பிளாஸ்டர் ஊத்திடு. யாரு கேக்கப்போறா? நான் போய்ச் சாப்ட்டு வரேன். உனக்கு ஏதாவது?”

“வேணாம்.”

அவன் போனதும் அவள் எழுந்து சுவரோர அலமாரிக்குப் போனாள். பழைய மாடல்கள் தூசி படிந்து வரிசையாக இருந்தன. நூலகத்தின் கூரையைத் தூக்கினாள். பின்புறப் படிக்கட்டு, பக்கத்தில் அதே குழி. அடிச்சுவரில் ஒரே ஒரு சாம்பல் புள்ளி, யாரோ தயங்கித் தொட்டுப் பார்த்ததுபோல. நீதிமன்றத்தில் புள்ளிகள் அதிகம். பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தேய்ந்திருந்தது. எல்லாம் படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில்தான்.

எலி இப்படித் தேய்க்காது.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அது மிகத் தொலைவிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் அசதி நின்றது. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத உடம்பு, பயத்தைக்கூட நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது.

மேசைக்குத் திரும்பிக் கூரையை மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டிக்.

வலுவில்லாத தட்டல். கோபமில்லாத தட்டல். திறப்பார்கள் என்ற நம்பிக்கை எப்போதோ போய்விட்ட, ஆனாலும் வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒருவர் தட்டுவதுபோல.

அவள் கத்தியை எடுத்தாள். படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில், கீழே, ஒரு கதவு உயரத்துக்குக் குறித்துக்கொண்டு முனையை அழுத்தினாள். கத்தி நெல்மணி அளவு இறங்கியது.

தட்டல் நின்றது.

அந்த நிற்றல் அவள் விரல்களுக்குத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, கத்திமுனைக்கு எதிரே, மிக அருகில், காத்திருந்தது.

இன்னும் மூன்று வெட்டு போதும். ஆனால் அங்கே ஒரு கதவு வைத்தால் அது படிக்கட்டின் திருப்பத்தில் திறக்கும். தீப்பிடித்தால் ஓடிவரும் கூட்டத்தை மறிக்கும். அப்படியென்றால் படிக்கட்டை அகலப்படுத்த வேண்டும், அந்தப் பக்கத்துச் சுவரை நகர்த்த வேண்டும், சுவரோடு நாலு படுக்கையறைகளும் நகரும், எல்லா மாடியும், எல்லாத் தாளும் மாறும். அச்சுக்கூடம் எட்டு மணிக்கு மூடிவிடும். சுவர் நகர்ந்தால் மாடலும் போச்சு.

அவளால் முடியாது. அவ்வளவுதான். முடியாது.

கத்தியை வெளியே எடுத்தாள். கீறலின்மேல் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டினாள்.

பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். மோர் பதத்துக்கு வந்ததும் தூக்கிக் குழிக்குள் ஊற்றினாள். சளப்பென்று அடியில் விழுந்தது. தட்டல் மறுபடி தொடங்கியது. இப்போது வேகமாக. டிக்டிக்டிக்டிக். ஊற்றிக்கொண்டே இருந்தாள். மேலே ஏற ஏற ஓசை அமுங்கியது. அமுங்கி, அமுங்கி, ஈரத்துக்குள் விரல் சொடுக்குவதுபோல ஆகி, ஒன்று. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அட்டைச் சுவரில் கைவைத்தபோது, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல இருந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

தரைப்படத்தில் அந்தக் கட்டத்தைக் கறுப்பால் நிரப்பினாள். ஒரு நொடி வேலை. அச்சுக்கூடம் மூடுமுன் தாள்கள் கைக்கு வந்துவிட்டன. ஸ்டூடியோ மூலையில் கிடந்த சோபாவில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். கனவில்லாத தூக்கம்.

மறுநாள் மதியத்துக்குப் பிறகு அவள் முறை வந்தது. சுவரில் தாள்கள், நடுவில் மாடல், அரைவட்டமாக நாற்காலிகள். வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர், ரெஜைனா நகரில் மருத்துவமனைகள் கட்டுகிற பெண், டெல்ஃபின் என்று பெயர், மாடலைச் சுற்றிச் சுற்றி வந்தார். லோர்னா பேசி முடித்தாள். தன் குரல் பக்கத்து அறையில் கேட்பதுபோல இருந்தது.

“இந்தச் சுவர்,” என்றார் டெல்ஃபின். படிக்கட்டோரத்து வெள்ளைப் பிளாஸ்டரைக் காட்டினார். “மத்ததெல்லாம் மெல்லிசு, இது ஒண்ணு மட்டும் கெட்டி. ஏன்?”

ஒக்சானா லோர்னாவைப் பார்த்தார். ஜோவித் தன் காலணியைப் பார்த்தான்.

“படி ஏறி வர்றவங்க களைச்சிருப்பாங்க,” என்றாள் லோர்னா. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “சாய்ஞ்சு நிக்க ஒரு சுவர் வேணும்னு தோணிச்சு.”

டெல்ஃபின் மெல்லத் தலையாட்டினார். “இத்தனை வருஷத்துல யாரும் எங்கிட்ட இப்படிச் சொன்னதில்ல. நாங்கள்லாம் கைப்பிடி வைப்போம். அவ்வளவுதான்.” குனிந்து பிளாஸ்டரில் உள்ளங்கையை வைத்தார். புருவம் உயர்ந்தது. “இப்பத்தான் ஊத்தினியா? இன்னும் சூடா இருக்கே.”

“நேத்து சாயங்காலம்,” என்றாள் லோர்னா.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. ஒக்சானா கிட்டே வந்து அவள் தோளை அழுத்தினார். “தேறிட்டே. போய்த் தூங்கு, பொண்ணே.”

அம்மாவுக்கு இரண்டு சொல்லில் செய்தி அனுப்பினாள். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உடம்பில் இடம் இல்லை.

எல்லோரும் ஆற்றங்கரைப் பக்கத்து மதுக்கடைக்குக் கிளம்பினார்கள். “குளிருக்குக் கரண்ட்ல மாட்டிவெச்ச வண்டியோட பிளக்கை நான் போய்க் கழட்டி, ஸ்டார்ட் பண்ணி சூடு பண்றேன்,” என்றான் ஜோவித். “பின் படி வழியா வா, கிட்டக்க நிறுத்தறேன். லேட் பண்ணினா ஒன்ன விட்டுட்டுப் போயிடுவேன், பெரிய ஆர்க்கிடெக்ட் அம்மா.”

அவள் தனியாக மாடலின் கூரையை மூடப் போனாள். பிளாஸ்டரின் மேற்பரப்பைப் பார்த்தாள். நேற்று மழமழவென்று தடவிவிட்டிருந்தாள். இப்போது நடுவில் ஐந்து மெல்லிய கோடுகள் இருந்தன. உள்ளிருந்து மேல்நோக்கி வந்து, விளிம்பைப் பற்றப் பார்த்து, நழுவியவை.

அவள் வெட்டும் மனிதர்களுக்கு விரல்கள் கிடையாது.

கூரையை மூடினாள். பையைத் தோளில் மாட்டினாள். முன் படிக்கட்டு அந்தக் கோடியில். பின் படி இருபதடியில். அந்த இருபதடிக்குமேல் நடக்க அவளிடம் தெம்பில்லை.

பின் படிக்கட்டின் கதவு அவளுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. இருட்டு. கையைத் தூக்கி ஆட்டினாள். விளக்கு எரிந்தது. பச்சை கலந்த சாம்பல்நிறச் சுவர், இரும்புக் கைப்பிடி, படிகளில் காலணிகள் கொண்டுவந்து உதிர்த்த உப்பும் உருகிய பனியும். கீழிருந்து குளிர் ஏறிவந்தது. அதோடு இன்னொரு மணம். ஈரச் சுண்ணாம்பு. புதிதாகப் பூசிய வீட்டின் மணம்.

இறங்கினாள். ஒரு படி. இன்னொன்று. திருப்பத்தில் நின்றாள். கைப்பிடி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சுவர்தான், முதலாண்டில் அளவு ஒத்துவராத அதே சுவர். சாய்ந்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே நாய்கூட நிற்காத குளிர். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. நேற்றிலிருந்து அவள் உடம்புக்குக் கிடைத்த முதல் சூடு. ஒரு நிமிடம் என்று நினைத்தாள். ஒரே நிமிடம். உள்ளங்கையை முழுக்கப் பதித்து, எடையை அதில் போட்டாள்.

கை உள்ளே போனது.

தயிரில் போவதுபோல. மணிக்கட்டுவரை. இழுத்தாள். சுவரின் வண்ணப்பூச்சு சுருங்கி அவள் தோலைச் சுற்றி மடிந்தது. உள்ளே ஈரமாக, இளஞ்சூடாக, கெட்டியாகிக்கொண்டிருந்தது. விரல்களை அசைத்தாள். எதன்மேலோ பட்டது.

விரல்கள்.

அவை பிடுங்கவில்லை. நெரிக்கவில்லை. ஒவ்வொன்றாக அவள் விரல்களுக்கு நடுவே நுழைந்து, கோத்துக்கொண்டன. வெகுநேரம் வரிசையில் நின்று, கடைசியில் தன் முறை வந்ததும் ஒரு வயதானவர் செவிலியின் கையைப் பிடித்துக்கொள்வாரே, அந்தப் பிடி. சோர்ந்த பிடி. விடாத பிடி.

“ஜோவித்,” என்றாள். குரல் படிக்கட்டில் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது.

விளக்கு அணைந்தது.

மற்றக் கையைத் தூக்கி ஆட்டினாள். எரிந்தது. பை இரண்டு படி கீழே விழுந்து கிடந்தது. அதற்குள் கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. காலை நீட்டினாள். எட்டவில்லை. சுவருக்குள் சூடு ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி இறுகியது.

வெளியே வண்டியின் ஒலிப்பான் ஒருமுறை கேட்டது. மிக அருகில்தான்.

அணைந்தது. கையைத் தூக்கினாள். எரிந்தது. எதிர்ச்சுவரில் அவள் நிழல். முகமில்லை. ஒரு கை மேலே.

மறுபடி ஒலிப்பான். நீளமாக. பிறகு சக்கரங்கள் பனியை நெரிக்கும் ஓசை. தேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

கத்தினாள். கதவு கெட்டி. அவளே அளந்து வரைந்த கதவு அது, தீ தாங்கும் வகை, ஓசையை விடாது.

அணைந்தது.

தூக்கினாள். எரிந்தது.

அணைந்தது.

தூக்கினாள். ஆட்டினாள். இன்னும் உயரத் தூக்கினாள்.

விளக்கு வரவில்லை.

கையை அவள் இறக்கவில்லை. இருட்டில், தலைக்கு மேல் தூக்கிய கையோடு நின்றாள். சுவருக்குள் அந்த விரல்கள் மெல்ல அவள் கையைத் தடவிக்கொடுத்தன, பொறு, பழகிவிடும் என்பதுபோல.